வெந்நீர் வரும் வழி: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் சூரிய வெந்நீர்த் தகடுகளைத் தேர்ந்தெடுப்பது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், தகட்டையும் டேங்க்கையும் குளியலறையையும் இணைக்கிற பைப்பைப் பற்றியவை. கேட்டவர்கள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள். நான் பழுது பார்க்கப் போகிற இடங்களில் தகடு கெட்டுப்போயிருப்பது அபூர்வம்; கோளாறு பெரும்பாலும் வழியில் இருக்கும். அதனால் இந்த இதழ் முழுக்கப் பைப்புக்கே. டிகிரி என்று வரும் இடமெல்லாம் செல்சியஸ் என்று கொள்ளவும்.

கேள்வி: எங்கள் சூரிய வெந்நீர் டேங்க் மொட்டை மாடியில் இருக்கிறது, குளியலறை கீழ்த்தளத்தில். நடுவில் 15 மீட்டர் முக்கால் இஞ்ச் பைப். முழுக்க ஃபோம் சுற்றியிருக்கிறார்கள். ஆனாலும் காலையில் குழாயைத் திறந்தால் முதலில் பச்சைத் தண்ணீர்தான் வருகிறது. இன்னும் தடிமனாகச் சுற்றினால் சரியாகுமா? (ஒரு வாசகி)

பதில்: ஆகாது அம்மா. அதற்காகச் செலவு செய்யாதீர்கள்.

முக்கால் இஞ்ச் பைப்பில் மீட்டருக்குச் சுமார் 0.3 லிட்டர் தண்ணீர் நிற்கும். உங்கள் 15 மீட்டருக்கு நாலரை லிட்டர். பைப்பில் 60 டிகிரி வெந்நீர், வெளியே 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வெறும் பைப்பாக இருந்தால் மீட்டருக்கு 30 வாட் அளவில் சூடு வெளியேறும். 19 மி.மீ. ஃபோம் போட்டால் அது 9 வாட் அளவுக்கு இறங்கிவிடும். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, நல்ல லாபம்தான். ஆனால் உள்ளே நிற்கிற தண்ணீரே கொஞ்சம் என்பதால் அந்தச் சிறிய இழப்பும் அதைச் சீக்கிரம் ஆற்றிவிடுகிறது. வெறும் பைப்பில் 25 நிமிடத்தில் பாதிச் சூடு போய்விடும். ஃபோம் போட்ட பைப்பில் அதற்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல் பிடிக்கும். இரவு பத்து மணிக்கு நின்ற தண்ணீர் காலை ஆறு மணிக்கு ஆறிப்போயிருப்பதை ஃபோமால் தடுக்க முடியாது. ஒருவர் குளித்து அரை மணியில் அடுத்தவர் குளிக்கப் போகிறார் அல்லவா, அங்கேதான் அது உங்களுக்கு உழைக்கிறது. தண்ணீர் ஓடும்போதும் உழைக்கிறது.

காலை நேரத்துக்கு வழி, பைப்பில் நிற்கும் தண்ணீரைக் குறைப்பதுதான். அந்தக் குளியலறைக்கு மட்டும் தனியாக அரை இஞ்ச் பைப் இழுத்தால் நிற்கும் தண்ணீர் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். கீழ்த்தளம் என்பதால் உயரம் போதும், அழுத்தம் கிடைக்கும். டேங்க்குக்கு நேர் கீழே இருக்கிற மேல்தளக் குளியலறைக்கு இதைச் சொல்ல மாட்டேன்; அங்கே 1 மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும், பைப்பையும் ஒடுக்கினால் ஷவர் சொட்டும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். இரவு கடைசியாக வெந்நீர் எடுத்து இரண்டு மணி நேரம் கழித்து மாடிக்குப் போய், டேங்க்கிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஃபோமை விலக்கிப் பைப்பைத் தொட்டுப் பாருங்கள். டேங்க் அளவுக்குச் சூடாக இருந்தால் அங்கே சத்தமில்லாமல் ஒரு இழப்பு நடக்கிறது. டேங்க் உச்சியிலிருந்து வெந்நீர் பைப் நேராக மேலே ஏறினால், குழாய் மூடியிருக்கும்போதும் அந்த ஒரே பைப்புக்குள் சூடான தண்ணீர் நடுவில் ஏறும், ஆறிய தண்ணீர் சுவரோரமாக இறங்கும். விடிய விடிய இப்படியே போகும். டேங்க்கை விட்டு வந்ததும் பைப்பை 20, 30 செ.மீ. கீழே இறக்கி, அப்புறம் எங்கே வேண்டுமோ அங்கே கொண்டுபோனால் இது நின்றுவிடும். சூடான தண்ணீர் தானாகக் கீழே இறங்காது. பிளம்பருக்கு இரண்டு எல்போ (பைப்பைத் திருப்பும் வளைவுத் துண்டு) வேலை. காலையில் டேங்க் தண்ணீரே கூடுதல் சூட்டோடு இருப்பதை நீங்கள் கவனிப்பீர்கள்.

கேள்வி: புது வீடு கட்டுகிறேன். பம்ப் இல்லாமல் தானாகச் சுழலும் தட்டைத் தகடு வைக்க ஆசை. தளம் போடும் முன்பே பைப்புக்கு என்ன யோசிக்க வேண்டும்? (வீடு கட்டும் வாசகர்)

பதில்: தளம் போடும் முன்பே கேட்டதற்கு நன்றி. இந்தக் கேள்வி பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் வருகிறது.

இந்த அமைப்பில் தண்ணீரைத் தள்ளுவது எது என்று முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 20 டிகிரி தண்ணீர் ஒரு கன மீட்டர் 998 கிலோ, 60 டிகிரி தண்ணீர் 983 கிலோ. 15 கிலோ வித்தியாசம். அதாவது, ஒரு மீட்டர் உயரத்துக்கு உங்களுக்குக் கிடைக்கும் தள்ளுவிசை வெறும் 15 மி.மீ. உயரத் தண்ணீரின் அழுத்தம். இவ்வளவு மெல்லிய விசையை ஒவ்வொரு எல்போவும், ஒவ்வொரு ஒடுக்கமும், ஒரு சிறு காற்றுக் குமிழியும் சாப்பிட்டுவிடும். நான் சொல்லப்போவதெல்லாம் இந்த 15 மி.மீட்டரைக் காப்பாற்றுகிற வேலைதான்.

டேங்க்கின் அடிப்பாகம் தகட்டின் மேல் விளிம்பைவிடக் குறைந்தது 30 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். இந்த இடைவெளி இல்லையென்றால் இரவில் ஓட்டம் தலைகீழாகி, டேங்க்கின் சூடு தகடு வழியாக வானத்துக்குப் போய்விடும். அந்த மேடைக்கு இப்போதே இடமும் பலமும் ஒதுக்குங்கள். டேங்க்கில் நிற்கும் தண்ணீரே லிட்டருக்கு ஒரு கிலோ, டேங்க்கின் சொந்த எடை தனி என்பதைக் கட்டுமானப் பொறியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

குளிர்ந்த தண்ணீர் டேங்க்கின் அடியிலிருந்து தகட்டின் கீழ் மூலைக்கு. வெந்நீர், எதிர்ப்புறத்து மேல் மூலையிலிருந்து டேங்க்குக்கு. குறுக்கே போக வேண்டும். ஒரே பக்கத்தில் உள்ளே விட்டு அதே பக்கத்தில் வெளியே எடுத்தால் தண்ணீர் தகட்டுக்குள் அருகில் இருக்கிற நாலைந்து குழல்கள் வழியாக மட்டும் ஏறி வந்துவிடும், மற்றவை சும்மா காயும்.

வெந்நீர் பைப் தகட்டிலிருந்து டேங்க் வரை ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம் குறைந்தபட்சம், கூடினால் நல்லது. நடுவில் எங்கேயும் மேடு தட்டி இறங்கக் கூடாது. கைப்பிடிச் சுவரைத் தாண்டுவதற்காக பைப்பை ஏற்றி இறக்குகிற வேலையை நிறைய மாடிகளில் பார்க்கிறேன். சூடாகும் தண்ணீர் தன்னில் கரைந்திருந்த காற்றை விடும், அது அந்த மேட்டில் போய்ச் சேரும், சில நாளில் ஓட்டம் நிற்கும். வீட்டுக்காரர் தகடு சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். சுவரைத் தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால், சுவரில் ஓட்டை விட்டுப் பைப்பை நேராகக் கொண்டுபோங்கள். அந்த ஓட்டைக்கு இப்போதே இடம் விடுங்கள், பைப்பின் அளவுக்கு இல்லை, பைப்பும் இரு பக்க இன்சுலேஷனும் சேர்ந்த அளவுக்கு. ஒரு இஞ்ச் பைப்புக்கு 25 மி.மீ. இன்சுலேஷன் என்றால் ஓட்டை 10 செ.மீ. வேண்டும். இதை யாரும் விடுவதில்லை. கடைசியில் சுவருக்குள் மட்டும் பைப் அம்மணமாகப் போகும், கான்கிரீட் அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

தகட்டுக்கும் டேங்க்குக்கும் இடையில் ஒரு இஞ்ச் பைப்பே போடுங்கள். வளைவுகளில் குறுகிய எல்போவைவிட நீண்ட வளைவு நல்லது. இரண்டுக்கும் இடையே தூரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பார்வைக்கு அழகாக இருக்கிறதென்று டேங்க்கை மாடியின் மறுகோடியில் வைக்க வேண்டாம்.

கேள்வி: தகடு மாட்டி ஒரு கோடைதான் ஆகிறது. தகட்டை ஒட்டிய இடத்தில் வெள்ளை ஃபோம் உருகிச் சுருங்கி, பைப் வெளியே தெரிகிறது. பம்ப் வைத்த மூடிய அமைப்பு, வெளிக்காற்றுக்குத் திறப்பு இல்லை. எங்கள் தண்ணீர் 65 டிகிரியைத் தாண்டியதே இல்லை. ஃபோம் போலியா? (ஒரு வாசகர்)

பதில்: போலியாக இருக்க வேண்டியதில்லை. ஒழுங்கான பாலிஎதிலீன் ஃபோமாகவே இருக்கலாம், ஆனால் அது அந்த இடத்துக்கானது இல்லை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் ஆதங்கமான விஷயம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் பார்த்த 65 டிகிரி, தண்ணீர் ஓடுகிற நாளின் கணக்கு. பொருள் தேர்ந்தெடுக்க வேண்டியது தண்ணீர் ஓடாத நாளுக்கு. நீங்கள் வெளியூர் போயிருக்கிறீர்கள், டேங்க் நிரம்பச் சூடேறிவிட்டது, கட்டுப்பாட்டுப் பெட்டி பம்ப்பை நிறுத்திவிட்டது. அல்லது உச்சி வெயிலில் மின்சாரம் போய்விட்டது. வெயில் மட்டும் நிற்காது. நல்ல பூச்சுள்ள தட்டைத் தகட்டின் உள்ளே 200 டிகிரிக்குப் பக்கத்தில் ஏறும். வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகைத் தகடு என்றால் 250-யும் தாண்டும். மூடிய அமைப்பில் 4 பார் அழுத்தம் இருந்தால் தண்ணீர் கொதிப்பதே சுமார் 150 டிகிரியில்தான். அந்தச் சூட்டிலுள்ள நீராவி தகட்டிலிருந்து பிதுங்கி, பைப்புக்குள் சில மீட்டர் தூரம் வரும். உங்கள் ஃபோம் சந்தித்தது அதைத்தான்.

பாலிஎதிலீன் ஃபோம் 90, 100 டிகிரியோடு சரி. கறுப்பாக வரும் நைட்ரைல் ரப்பர் ஃபோம் 105 முதல் 110 வரை. ஈ.பி.டி.எம். ரப்பர் ஃபோம் 150 டிகிரியைத் தொடர்ந்து தாங்கும், சிறிது நேரம் 175 வரை. நைட்ரைலும் ஈ.பி.டி.எம்.மும் இரண்டும் கறுப்பு, கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியாது. மேலே அச்சிட்டிருப்பதைப் படித்துத்தான் வாங்க வேண்டும். "சோலார் ஃபோம்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, எத்தனை டிகிரி என்று எழுத்தில் இருக்க வேண்டும். தகட்டுக்கும் டேங்க்குக்கும் இடையிலுள்ள போக்குப் பைப், வரத்துப் பைப் இரண்டுக்குமே ஈ.பி.டி.எம். போடச் சொல்வேன். டேங்க்கிலிருந்து வீட்டுக்குள் போகிற பைப்புக்கு நைட்ரைல் தாராளமாகப் போதும்.

கண்ணாடிப் பஞ்சு, பாறைப் பஞ்சு இரண்டும் இதைவிட அதிகச் சூடு தாங்கும். ஆனால் நனையவே கூடாது. இன்சுலேஷன் என்பதே அசையாத காற்றை அடைத்து வைப்பதுதான். அந்தக் காற்றின் இடத்தில் தண்ணீர் புகுந்தால், தண்ணீர் காற்றைப் போல இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். பஞ்சு போட்டால் மேலே அலுமினியத் தகட்டு உறை கட்டாயம். மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் ஏறி நிற்க வேண்டும், நெடுக்கு மூட்டு அடிப்பக்கம் வர வேண்டும். அப்போதுதான் மழை வழிந்து போகும்.

ரப்பர் ஃபோமுக்கும் வெயிலில் மேலுறை வேண்டும். புற ஊதாக் கதிர் பட்டு நைட்ரைல் விறைத்து வெடிக்கும். பறவைகள் கொத்தும், அணிலும் எலியும் கடிக்கும். வெள்ளைப் பூச்சு வெயிலைத் தடுக்கும், அலகைத் தடுக்காது. அலுமினிய உறையே நிம்மதி.

தடிமன்? பைப்பின் குறுக்களவு எவ்வளவோ குறைந்தது அவ்வளவு. திறந்தவெளியில் காற்று அடிக்கிற மாடியென்றால் அதற்கும் ஒரு படி மேல். கேபிள் டை போட்டு இறுக்கிச் சப்பையாக்காதீர்கள். நசுங்கிய இடத்தில் தடிமன் இல்லை. போக்கும் வரத்தும் தனித்தனி உறைக்குள் போகட்டும், இரண்டையும் சேர்த்து ஒரே ஃபோமில் கட்டினால் வெந்நீர் தன் சூட்டைப் பக்கத்துப் பைப்புக்கே கொடுத்துக்கொண்டிருக்கும். கிளாம்ப் பைப்பைக் கவ்வாமல் இன்சுலேஷனுக்கு வெளியே வரட்டும். வால்வு, யூனியன், டேங்க் மூக்கு இவற்றை விட்டுவிட்டு நேர் பைப்பை மட்டும் அழகாகச் சுற்றுகிறவர்கள் அதிகம். உலோகம் தடிமனாக இருக்கிற அந்த இடங்கள்தான் சூட்டை வேகமாக விடும். அங்கேயும் வெட்டி ஒட்டுங்கள்.

கேள்வி: ஃபோமுக்குப் பதில் பழைய சாக்கு, துணி சுற்றி மேலே பாலித்தீன் கட்டலாமா?

பதில்: வேண்டாம். உள்ளே ஈரம் சேரும், அது வெளியேற வழியிருக்காது. ஈரத்துணி சுற்றிய பைப் கசிகிறதா என்பதும் தெரியாது. இரும்புப் பைப் என்றால் வெளியிலிருந்தே துருப்பிடிக்கும். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் பைப்பின் நீளத்தைக் குறையுங்கள்.

கேள்வி: நான் பிளம்பர். இப்போதுதான் சூரிய வெந்நீர் வேலை எடுக்கிறேன். காப்பர் பைப்பை ஈயப்பற்று வைத்து இணைக்கலாமா, பிரேசிங் (அதிகச் சூட்டில் உருகும் உலோகத்தால் பற்றவைப்பது) செய்ய வேண்டுமா? தகட்டின் பக்கத்திலேயே சி.பி.வி.சி. (வெந்நீருக்கான பிளாஸ்டிக் பைப்) போட்டுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். சணல் சுற்றலாமா, டெஃப்லான் டேப்பா?

பதில்: தம்பி, நல்ல கேள்விகள். மறுபடியும் தண்ணீர் ஓடாத நாளையே நினைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வெள்ளீயம்-ஈயப் பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். ஈயம் இருப்பதால் வீட்டுத் தண்ணீருக்கு அதைத் தொடவே வேண்டாம். வெள்ளீயம்-தாமிரப் பற்று 227 டிகிரி அளவில் இளகும். தட்டைத் தகட்டுக்கு அதுவே விளிம்பில் நிற்கிறது, வெற்றிடக் குழாய்க்குப் போதாது. அதனால் தகட்டின் வாயிலும் அதை ஒட்டிய சில மீட்டர்களிலும் பிரேசிங், அல்லது பித்தளை வளையம் வைத்த கம்ப்ரெஷன் ஃபிட்டிங். எனக்குப் பிடித்தது கம்ப்ரெஷன்தான். நாளைக்குத் தகட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் ஒரு ஸ்பேனர் போதும், கண்ணாடிப் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோக வேண்டாம். ரப்பர் வளையம் வைத்த அழுத்து வகை இணைப்புகளைத் தகட்டின் பக்கம் போடுவதானால் அந்த வளையம் எத்தனை டிகிரிக்கு என்று பார்த்துப் போடுங்கள். சாதாரண வளையம் தாங்காது.

வீட்டுக்காரரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: சி.பி.வி.சி. 23 டிகிரியில் தாங்குகிற அழுத்தத்தில் கால் பங்குதான் 82 டிகிரியில் தாங்கும். 93 டிகிரி அதன் எல்லை. தகட்டின் வாயில் அந்த எல்லையைச் சாதாரண நாளிலேயே தொட்டுவிடலாம். டேங்க்குக்கு அப்புறம், அதுவும் கலப்பு வால்வு வைத்து 50, 55 டிகிரிக்கு இறக்கிய பிறகு, சி.பி.வி.சி. தாராளமாகப் போகலாம். அந்தக் கலப்பு வால்வைக் கட்டாயம் போடச் சொல்லுங்கள். 60 டிகிரித் தண்ணீர் சில வினாடியில் குழந்தையின் தோலை வேகவைத்துவிடும்.

திருகு மரைக்கு டெஃப்லான் டேப் போடுங்கள், அது 260 டிகிரி வரை தாங்கும். சணல் தகட்டின் பக்கம் கருகிப்போகும். டேங்க்கின் குளிர்ந்த பக்கத்தில் பயன்படுத்துங்கள், குறையில்லை.

பைப் நீளுமென்பதையும் மறக்காதீர்கள். 10 மீட்டர் காப்பர் 80 டிகிரி ஏறினால் 13 மி.மீ. நீளும். சி.பி.வி.சி. அதைப் போல நாலு மடங்கு நீளும். இரண்டு பக்கமும் சிமென்ட் வைத்து இறுக்கிவிட்டால் அந்த விசை தகட்டின் பற்றவைப்பில்தான் போய் உட்காரும். ஒரு வளைவு விடுங்கள், கிளாம்ப்பில் பைப் நழுவ இடம் கொடுங்கள்.

இன்னொன்று. தண்ணீர் ஓடும் திசையில் காப்பருக்கு அப்புறம் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் போட வேண்டாம். தாமிரம் துளித் துளியாகக் கரைந்து போய்த் துத்தநாகத்தின் மேல் படியும். அந்த இடத்தில் குழி விழுந்து பைப் ஓட்டையாகும். இரண்டையும் இணைத்தே ஆக வேண்டுமென்றால் ஜி.ஐ. முன்னால், காப்பர் பின்னால், இடையில் பித்தளை.

கேள்வி: எங்கள் விடுதியில் ஆறு தகடுகள், பம்ப் வைத்த அமைப்பு. பம்ப்புக்குப் பக்கத்திலுள்ள இரண்டு தகடு இளஞ்சூடாக இருக்கிறது, கடைசி இரண்டும் தொட முடியாத அளவு கொதிக்கிறது. கடைசித் தகடுகள்தான் நன்றாக வேலை செய்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாமா? (விடுதிப் பொறுப்பாளர்)

பதில்: நேர் எதிர். கொதிக்கிற தகடுகளில் தண்ணீர் சரியாக ஓடவில்லை. அங்கே சேர்கிற சூடு டேங்க்குக்கு வராமல் அங்கேயே நின்று கண்ணாடி வழியாகத் திரும்பிப் போகிறது. இளஞ்சூடாக இருப்பவற்றில் தண்ணீர் தேவைக்கு மேல் ஓடுகிறது.

தண்ணீர் எளிதான வழியைத்தான் தேடும். உங்கள் அமைப்பில் பம்ப்பிலிருந்து வரும் பைப் முதல் தகட்டை முதலில் தொடுகிறது, திரும்பும் பைப்பும் முதல் தகட்டிலிருந்தே முதலில் கிளம்புகிறது என்று ஊகிக்கிறேன். அப்படியானால் முதல் தகட்டுக்கு மொத்த வழி மிகக் குட்டை, ஆறாவதற்கு மிக நீளம். ஆல்பர்ட் டிச்சல்மன் என்ற ஜெர்மானியப் பொறியாளரின் பெயரில் இதற்கு ஒரு பழைய தீர்வு இருக்கிறது: தண்ணீர் முதலில் நுழைகிற தகட்டிலிருந்து கடைசியில் வெளியே வரட்டும், கடைசியில் நுழைகிறதிலிருந்து முதலில் வரட்டும். இப்போது எந்தத் தகடு வழியாகப் போனாலும் பைப்பின் மொத்த நீளம் ஒன்றே. வால்வைத் திருகிச் சரிபார்க்கிற வேலை பெரும்பாலும் மிச்சம்.

இதற்கு ஒரு பக்கத்தில் கூடுதலாக ஒரு நீளப் பைப் போகும். அந்தக் கூடுதல் நீளம் குளிர்ந்த பக்கத்தில் வரும்படி அமையுங்கள். சூடான பைப்பை டேங்க் நோக்கி மிகக் குறுகிய வழியில் விடுங்கள், சுற்றிப் போகிற வேலை குளிர்ந்த பைப்புக்கு இருக்கட்டும். இழப்பு எப்போதும் சூட்டின் வித்தியாசத்தைப் பொறுத்தது.

மாற்றிய பிறகு, நல்ல வெயிலில் பம்ப் ஓடும்போது ஒவ்வொரு தகட்டின் வெளிவாயிலும் வெப்பமானி வைத்துப் பாருங்கள். ஆறும் இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒத்து வந்தால் சரி. அப்புறமும் ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் அங்கே காற்று அடைத்திருக்கும்; அந்த வரிசையின் மிக உயர்ந்த இடத்தில் ஏர் வென்ட் (காற்றை வெளியே விடும் வால்வு) இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: டேங்க் மேலே நீண்டு நிற்கிற காற்றுப் பைப்பிலிருந்து அவ்வப்போது வெந்நீர் சொட்டுகிறது. வீணாகிறதே என்று ஒரு வால்வு போட்டு மூடச் சொல்லியிருக்கிறேன்.

பதில்: தயவுசெய்து இன்றைக்கே அந்த வேலையை நிறுத்துங்கள். அந்தப் பைப்தான் உங்கள் டேங்க்கின் மூச்சு. தண்ணீர் கொதித்தால் நீராவி அந்த வழியாகத்தான் போக வேண்டும். அதை மூடினால் டேங்க் வெடிக்கலாம். தண்ணீர் வேகமாக இறங்கும்போது காற்று உள்ளே வராமல் டேங்க் உள்வாங்கி நசுங்கவும் கூடும். சொட்டுவதற்குக் காரணம், அந்தப் பைப் போதுமான உயரமில்லை என்பதாகவே இருக்கும். குளிர்ந்த நீர்த் தொட்டியின் நீர்மட்டத்தைவிட அது நன்றாக உயர்ந்து நிற்க வேண்டும். உயர்த்துங்கள், மூடாதீர்கள். மூடிய அமைப்பு வைத்திருப்பவர்களுக்கும் இதே சொல்: தகட்டுக்கும் பாதுகாப்பு வால்வுக்கும் இடையில் எந்த அடைப்பு வால்வும் இருக்கக் கூடாது.

கேள்வி: நாங்கள் இருப்பது மலைப் பகுதி, குளிர் மாதங்களில் உறைபனி விழும். இன்சுலேஷன் நன்றாகப் போட்டால் பைப் உறையாது அல்லவா?

பதில்: உறைய நேரமாகும், அவ்வளவுதான். இன்சுலேஷன் சூட்டை உண்டாக்குவதில்லை. ஓடாமல் நிற்கும் தண்ணீர் நீண்ட இரவில் உறைந்தே தீரும். உறையும்போது பருமன் 9 சதவீதம் கூடும், காப்பர் பைப் கிழியும். இன்னொரு ஆபத்து, காற்று உறைநிலைக்கு இரண்டு மூன்று டிகிரி மேலே இருக்கும்போதே தெளிந்த வானத்துக்குக் கீழ் தகட்டில் தண்ணீர் உறைந்துவிடலாம். தகடு வானத்தைப் பார்த்தபடி தன் சூட்டைக் கதிராக விட்டுக்கொண்டிருக்கும்.

வில்லியம் பெய்லி என்பவர் 1909-இல் கலிஃபோர்னியாவில் தகட்டையும் டேங்க்கையும் பிரித்து, டேங்க்குக்கு இன்சுலேஷன் போட்டு விற்க ஆரம்பித்தார். இன்று நாம் மாடியில் வைக்கும் அமைப்பு அதன் வழிவந்ததுதான். 1913 ஜனவரியில் அங்கே கடுங்குளிர் அடித்துத் தகடுகளின் காப்பர் பைப்புகள் வெடித்தன. அவர் கண்ட வழி, தகட்டுக்குள் ஆல்கஹால் கலந்த தண்ணீரைச் சுழலவிட்டு, டேங்க்குக்குள் ஒரு சுருள் வழியாகச் சூட்டை மட்டும் மாற்றுவது. இன்று ஆல்கஹாலுக்குப் பதில் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற உறைதடுப்புத் திரவம். கோட்பாடு அதேதான். உங்களுக்கும் இதையே சொல்கிறேன்.

அது முடியாதென்றால், பம்ப் நின்றதும் தண்ணீர் முழுக்க உள்ளே இருக்கிற தொட்டிக்கு வடிந்துவிடும் அமைப்பு. அதற்குப் பைப்பின் வாட்டம் ஓர் இடத்திலும் பிசகக் கூடாது; தொய்ந்த ஒரு அடியில் தேங்கும் தண்ணீர் போதும், அங்கே உடையும். கிளைக்கால் போட்டவர்கள் அதை ஆண்டுக்கொரு முறை சோதியுங்கள். தண்ணீர் ஓடாத நாட்களின் கடும் சூட்டில் அது சிதைந்து அமிலமாகும், கறுத்துக் கெட்டியாகிப் பைப்பை அடைக்கும்.

கேள்வி: பம்ப் வைத்த அமைப்பு, டேங்க் வீட்டுக்குள் கீழே. இரவில் டேங்க் தண்ணீர் ஆறிவிடுகிறது. டேங்க்கின் இன்சுலேஷன் மோசமா?

பதில்: அதற்கு முன் நள்ளிரவில், தகட்டிலிருந்து டேங்க்குக்கு வெந்நீர் வருகிற பைப்பைத் தொடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடுவது) இல்லை, அல்லது குப்பை அடைத்துத் திறந்தபடி நிற்கிறது. டேங்க் கீழே, தகடு மேலே. இரவில் வெந்நீர் தானாக மேலே ஏறும், குளிர்ந்து இறங்கும். ஸ்பிரிங் வைத்த வால்வு போடுங்கள். பைப் குளிர்ந்திருந்தால் டேங்க்கைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: எல்லாம் மாட்டியாயிற்று. இன்சுலேஷன் சுற்றிவிட்டுத் தண்ணீர் விடவா, தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டுச் சுற்றவா?

பதில்: விட்டுப் பார்த்த பிறகுதான் சுற்ற வேண்டும். நேர் துண்டுகளில் இணைப்பு வைக்கும் முன்பே ஃபோமைக் கிழிக்காமல் உள்ளே கோத்துத் தள்ளி வைத்துக்கொள்ளலாம், அது நல்ல பழக்கம். இணைப்புகள் மட்டும் திறந்தே இருக்கட்டும்.

விடியற்காலையில் நிரப்புங்கள். அல்லது தகட்டை முந்தின நாளே துணி போட்டு மூடி வையுங்கள். வெயிலில் காய்ந்த தகட்டில் குளிர்ந்த தண்ணீர் விட்டால் அங்கேயே நீராவியாகும். தண்ணீர் நேரே உள்ளே நிற்கும் வகை வெற்றிடக் குழாய் என்றால் கண்ணாடி வெடிக்கும். கீழிருந்து மெல்ல நிரப்பி, மேலே காற்று முழுக்கப் போகும்வரை காத்திருங்கள். அழுத்தம் கொடுத்து நிறுத்தி, ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் காய்ந்த காகிதத்தை வைத்து ஒற்றிப் பாருங்கள். அப்புறம் ஒரு முழு நாள் வெயிலில் ஓடவிட்டு, ஆறிய பிறகு மறுபடி ஒற்றுங்கள். குளிரில் கசியாத கம்ப்ரெஷன் நட் சூடேறி ஆறியதும் ஒரு துளி விடும். கால் சுற்று இறுக்கினால் நின்றுவிடும். இரண்டாவது தடவையும் காகிதம் காய்ந்தே இருந்தால் ஃபோமையும் பசையையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். கிழிசல் வாய் கீழ்ப்பக்கம் வரும்படி ஒட்டுங்கள்.